இலை விலை

பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருக்க வேண்டாம் என்று, காரைக்குடியில் மாமா வைத்திருந்த மளிகைக் கடைக்கு என்னை அனுப்பி வைத்தார்கள். இரண்டு மாதம் பொட்டலம் மடிக்கப் போனவன் ஆறு வருடம் அங்கேயே இருந்துவிட்டேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பாலிதீன் பை வந்துவிட்டது என்றாலும் எங்கள் கடையில் பருப்பும் மிளகாயும் பழைய பேப்பரில் நூல் சுற்றித்தான் போய்க்கொண்டிருந்தன.

காரைக்குடியில் பணக்கார வீடு எது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. தலைவாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். உள்ளே பர்மாத் தேக்குத் தூண்கள். இந்த வீட்டுக்காரர்கள் கடைக்கு வந்தால் விலையே கேட்க மாட்டார்கள், "அள்ளிப் போடு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள் என்று நினைத்திருந்தேன். முதல் வாரமே அந்த நினைப்பு போய்விட்டது.

ஒரு ஆச்சி வந்தார். காதில் வைரத்தோடு. கையில் ஓலைக் கொட்டானும் ஒரு மஞ்சப்பையும். மடித்து வைத்திருந்த காலண்டர் தாளைப் பிரித்து வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஏலக்காய் ஐம்பது கிராம் என்றதும் நான் வழக்கம்போலத் தராசுத் தட்டில் பேப்பரை விரித்து, அதன் மேல் ஏலக்காயைப் போட்டு நிறுத்தேன்.

"தம்பி, தாள எடுத்துட்டு நிறு. ஏலக்காய் விலைக்குத் தாள் வாங்குற அளவுக்கு நான் இன்னும் பணக்காரி ஆகல."

கல்லாவில் இருந்த மாமா சிரித்துவிட்டார். "பையன் புதுசு ஆச்சி" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. தாளை எடுத்துவிட்டு நிறுத்தபோது இன்னும் நாலைந்து காய் போட வேண்டியிருந்தது. அரிசி மூட்டையில் ஒரு தாளின் எடை ஒன்றுமே இல்லை. ஐம்பது கிராம் ஏலக்காயில் அது ஒரு கிராம் வந்தாலும் காசு. எந்தச் சாமானில் கவனம் வேண்டும், எதில் விட்டுவிடலாம் என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது. அரிசி நிறுக்கும்போது ஆச்சி தராசுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தக் காலண்டர் தாளைப் பிறகு பலமுறை பார்த்திருக்கிறேன். மூன்று பத்தி இருக்கும். முதலில் சாமான் பெயர், அடுத்து மாதத்துக்கு எவ்வளவு வேண்டும், அடுத்து வீட்டில் இருப்பு எவ்வளவு. கழித்து வருவதைத்தான் கடையில் சொல்வார். கடைக்கு வந்து "வேற என்ன, வேற என்ன" என்று அலமாரியைப் பார்த்து யோசிக்கிற பழக்கமே அவரிடம் கிடையாது. மாமா புதிதாக வந்த பிஸ்கட்டையோ சோப்பையோ எடுத்துக் காட்டினால், "நோட்டுல இல்லையே" என்பார். அவ்வளவுதான்.

சாமான் இறக்கப் போனபோதுதான் அந்த இருப்பு எங்கிருந்து வருகிறது என்று புரிந்தது. வீட்டின் பின்பகுதியான மூன்றாம் கட்டில் சன்னல் இல்லாத ஓர் அறை. வரிசையாகச் சாடிகள், தகர டின்கள், மரப்பெட்டிகள். ஒவ்வொரு மூடியிலும் சாக்கட்டியால் ஒரு தேதி. அது வாங்கிய தேதி என்று நினைத்தேன். திறந்த தேதியாம். திறந்த நாள் தெரிந்தால் தீர்ந்த நாளும் தெரியும், அப்போது இந்த வீட்டுக்கு ஐந்து கிலோ உளுந்து எத்தனை நாள் வரும் என்று ஊகிக்க வேண்டியதில்லை. நான் பார்த்த பணக்காரப் பழக்கங்களில் காசே செலவில்லாதது இதுதான். இப்போது என் வீட்டில் எண்ணெய் பாக்கெட்டிலும் காபித்தூள் டப்பாவிலும் பேனாவால் தேதி போடுகிறோம்.

இந்தக் கணக்கு ஆச்சியின் சமூகமான நகரத்தாரிடம், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்களிடம், சும்மா வந்ததில்லை. நகரத்தார் வீடுகளில் கல்யாணமான மகனை 'வேறு வைக்கிற' வழக்கம் உண்டு. வீடு ஒன்றுதான், அடுப்பு மட்டும் தனி. புதுத் தம்பதிக்கு வருடத்துக்கு இவ்வளவு என்று அரிசி, பருப்பு முதலிய சாமான்களை அளந்து கொடுத்துவிடுவார்கள். அதற்குள் குடித்தனம் நடத்திக் காட்ட வேண்டும். கடல் கடந்து வட்டிக்கடை நடத்திய ஆண்கள் வருடக்கணக்கில் ரங்கூனிலும் பினாங்கிலும் இருந்தபோது, இங்கே வீட்டுக் கணக்கு முழுக்கப் பெண்கள் கையில். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததும் அங்கே போட்ட முதலீடு எத்தனையோ குடும்பங்களுக்குத் திரும்பாமல் போனது. பணம் போகும் என்று பார்த்தவர்கள் அவர்கள். வைரத்தோடு போட்டுக்கொண்டு தாளை எடுக்கச் சொல்வதில் எந்த வெட்கமும் இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஆச்சி அடிக்கடி சொன்ன வார்த்தை 'இலை விலை'. மாமா ஒரு விலை சொன்னால், "அது ஒங்க கடை விலை, இலை விலை என்ன?" என்பார். சாமான் வீட்டுக்கு வந்து, கழிவு போக, சமைத்து இலையில் விழும்போது கிலோ என்ன விலை ஆகிறது என்பதுதான் அவருடைய கணக்கு.

புளியை எடுத்துக்கொள்ளுங்கள். மாசி, பங்குனியில் புதுப்புளி வரும். கொட்டையோடு ஒரு விலை, கொட்டை எடுத்தது ஒரு விலை. கொட்டையோடு வாங்கினால் மலிவு என்றுதான் எல்லோரும் வாங்குவார்கள். பத்துக் கிலோ வாங்கிக் கொட்டையும் நாரும் எடுத்தால் ஆறு கிலோ சொச்சம்தான் தேறும். கொட்டைப்புளி கிலோ 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இலைக்கு வரும்போது அது 160ஐத் தாண்டிவிடுகிறது. கொட்டை எடுத்தது 150க்குக் கிடைத்தால் எது மலிவு? ஆச்சி ஒரு வருடம் இதை வாங்குவார், ஒரு வருடம் அதை வாங்குவார். அந்த வருட விலைதான் முடிவு செய்யும். கொட்டையோடு வாங்கிய வருடம் கொட்டையையும் விற்றுவிடுவார். துணிக்குக் கஞ்சி போடுகிற மாவுக்காகப் புளியங்கொட்டை வாங்க ஆள் வந்துகொண்டிருந்த காலம் அது.

மிளகாயிலும் இதே கதைதான். ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் பக்கம் அதைத் தெரியாதவர் யாருமில்லை. ஆச்சி ஒரு மிளகாயை எடுத்துக் காதருகே ஆட்டுவார். விதை கலகலவென்று சத்தம் போட வேண்டும். சத்தம் வராவிட்டால் ஈரம் இருக்கிறது, எடை கூட்டத் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். "ஒரு நாள் வெயில்ல காயப்போட்டா எத்தன கிலோ வரும்னு நீங்களே சொல்லிருங்க" என்று மாமாவிடம் கேட்டு, அதற்கேற்ப விலையைக் குறைக்கச் சொல்வார். சண்டையாகக் கேட்க மாட்டார். கணக்காகக் கேட்பார். அப்படிக் கேட்பவரிடம் மாமாவால் ஒன்றும் பேச முடியாது.

துவரம்பருப்பை மூட்டையாக வாங்குவதற்கு முன் ஓர் உழக்கு மட்டும் வாங்கிப்போய் வேகவைத்துப் பார்ப்பார். எத்தனை நேரத்தில் மலர்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மூட்டைக்குச் சொல்வார். அரிசி எப்போதும் பழசு. பல்லில் ஒரு மணியைக் கடித்தால் 'டக்'கென்று ஒடிய வேண்டும். பழைய அரிசி கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் கூடுதல்தான், ஆனால் தண்ணீர் நிறைய வாங்கும், உலையில் நன்றாகக் காணும். புது அரிசி மலிவாகக் கிடைத்தாலும் குழைந்துபோய்ச் சோறும் குறையும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது முந்திரி. பாயசத்துக்கும் குருமாவுக்கும் அவர் வாங்கியது உடைத்த முந்திரி. முழு முந்திரியை விட விலை நன்றாகக் குறைவு, ருசியில் ஒரு வித்தியாசமும் கிடையாது. எப்படியும் அரைக்கவோ உடைக்கவோ போகிற பருப்பு. முழு முந்திரி வீட்டுக்குச் சம்பந்திகள் வரும் நாளுக்கு மட்டும், அதுவும் தட்டில் வைக்க வேண்டிய அளவுக்கு. அதே சமயம் நல்லெண்ணெய், நெய், பெருங்காயம், காபிக்கொட்டை என்று வந்தால் விலையைப் பார்க்க மாட்டார். கடையில் இருப்பதிலேயே ஒசத்தி எதுவோ அது. செக்கில் ஆட்டிய எண்ணெய் வந்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினால் அன்றைக்கே ஆள் வரும்.

எல்லாப் பணக்காரர்களும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பெரிய வீட்டில் பற்று நோட்டு மூன்று மாதமாகத் தீராமல் கிடந்தது. போய்க் கேட்டால், "ஐயா ஊர்ல இல்ல" என்பார்கள். உள்ளே ஐயா இருமுவது வெயிலில் நிற்கும் எனக்குக் கேட்கும். அதே தெருமுனையில் பரோட்டாக் கடை மாஸ்டர் ஒருவர், சனிக்கிழமை கூலி வாங்கியதும் நேராக எங்கள் கடைக்கு வந்து பாக்கியைக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். கடன் சொல்வதில் நான் கற்றுக்கொண்டதெல்லாம் அந்த மாஸ்டரிடம்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பணக்காரர்களைப் பார்த்து வாழுங்கள் என்று எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குமேல் எங்கள் கடைக்குக் கூலி வேலை முடித்த பெண்கள் வருவார்கள். ஐம்பது கிராம் பருப்பு, ஒரு ரூபாய்க்குப் புளி, கொண்டுவந்த சீசாவில் இரண்டு ரூபாய்க்கு எண்ணெய். சின்னப் பொட்டலத்துக்கு எப்போதுமே விலை கூடுதல். ஒருநாள் சும்மா இருந்தபோது கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பெண் பருப்புக்குக் கிலோவுக்குக் கொடுக்கிற விலை, வைரத்தோடு ஆச்சி கொடுப்பதைவிட அதிகம். மாமாவிடம் சொன்னேன். "மூட்டை வாங்கக் காசு வேணும், வைக்க எடம் வேணும், வெயில்ல காயப்போட நேரம் வேணும். அந்தப் புள்ளைக்கு மூணும் இல்லடா" என்றார். குரலில் வருத்தம் இருந்தது, ஆனால் பொட்டல விலையை அவர் குறைக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அந்தப் பெண்களிலேயே நாலு பேர் ஒன்றாக வந்தார்கள். ஒரே காம்பவுண்டில் குடியிருப்பவர்கள். தீபாவளிச் சீட்டு விழுந்த காசில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு டின் எண்ணெய் வாங்கினார்கள். பதினைந்து கிலோ டின். கடை வாசலிலேயே உட்கார்ந்து ஆளுக்கொரு தூக்குச்சட்டியில் பிரித்துக்கொண்டார்கள். டின்னின் அடியில் ஒட்டியிருந்ததை யார் எடுப்பது என்று அரைமணி நேரம் பேச்சு. கடைசியில் காலி டின்னோடு சேர்த்து, அதைத் தலையில் சுமந்து போகிறவளுக்கு என்று முடிவானது. இன்று எங்கள் அடுக்குமாடியில் நாங்கள் நாலு குடும்பம் சேர்ந்து நல்லெண்ணெய் வாங்குகிறோம். அது ஆச்சியிடம் கற்றதில்லை.

ஆச்சி வழியில் நான் பட்ட அடியையும் சொல்கிறேன். கல்யாணமாகிச் சென்னைக்கு வந்த புதிதில், தரைத்தளத்தில் ஒரு படுக்கையறை வீடு. ஆச்சியின் சாமான் அறை கண்ணிலேயே இருந்தது. ஆடி மாதம் போனஸ் பணம் வந்ததும் இரண்டு மூட்டை அரிசி, பத்துக் கிலோ துவரம்பருப்பு, ஐந்து கிலோ ரவை, ஐந்து கிலோ கடலை மாவு என்று வாங்கிப் பரணில் அடுக்கினேன். பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைப்பு. ஐப்பசி மழையில் சுவர் ஈரம் கோத்தது. தீபாவளிக்குப் பஜ்ஜி போடக் கடலை மாவை எடுத்தால் உள்ளே நூல் நூலாகக் கூடு. ரவை நெளிந்தது. பருப்பு டின்னைத் திறந்தால் வண்டு வரிசையாக வெளியே நடந்தது. பாதிக்குமேல் கொட்டினோம்.

"உங்க ஆச்சி வீட்டு மூணாங்கட்டு எங்க, நம்ம பரண் எங்க" என்றாள் மனைவி. பதில் இல்லை.

மாமாவுக்குப் போன் போட்டேன். திட்டிவிட்டு ஒரு விஷயம் சொன்னார். ஆச்சி ரவையையும் மாவையும் ஒரு மாதத்துக்குமேல் வாங்கியதே கிடையாதாம். நான் மூட்டைகளை மட்டும் பார்த்திருக்கிறேன், அவர் வாராவாரம் அரைக்கிலோ அரைக்கிலோவாக வாங்கியதைக் கவனிக்கவில்லை. "முழுசா இருக்கறத வருஷத்துக்கு வாங்கு. ஒடச்சது ரெண்டு மூணு மாசத்துக்கு. அரைச்சது மாசத்துக்கு மேல வேணாம்" என்றார். முழு மிளகாய், முழு மல்லி, விரலி மஞ்சள், புளி, உப்பு எல்லாம் வருடம் தாங்கும். பருப்பு வகை இரண்டு மூன்று மாதம், அதுவும் நன்றாக வெயில் காட்டி, சூடு ஆறிய பிறகு டின்னில் அடைத்தால். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து வீணாகும். அரிசியில் வேப்பிலையோ நாலு மிளகாய் வற்றலோ போட்டு வைக்கலாம். இடம் இல்லாத வீட்டுக்கு இடம் இல்லாத கணக்கு. கொட்டிய பருப்பின் இலை விலை என்ன என்று ஆச்சி கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ.

இப்போது நாங்கள் வாங்குவது பெரும்பாலும் சூப்பர் மார்க்கெட்டில். அங்கே கல்லாவில் மாமா இல்லை, மிளகாயை ஆட்டிப் பார்க்கவும் முடியாது, எல்லாம் ஒட்டிய பாக்கெட். ஆனால் ஆச்சியின் கணக்கைப் போட அங்கேயும் இடம் இருக்கிறது. 2022க்குப் பிறகு பாக்கெட்டுகளில் ஒரு கிராமுக்கோ ஒரு கிலோவுக்கோ என்ன விலை என்பதையும் அச்சடிக்கிறார்கள். எம்ஆர்பி பக்கத்திலேயே பொடி எழுத்தில் இருக்கும். பாக்கெட் அளவு இப்போது ஒரே மாதிரி இல்லை என்பதால் அந்தப் பொடி எழுத்துதான் உதவுகிறது. ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் சுமார் 910 கிராம் இருக்கும். பக்கத்தில் அதே உயரத்தில் நிற்கிற இன்னொரு பாக்கெட்டில் 850 கிராம் என்று போட்டிருக்கும். எட்டு ரூபாய் குறைவு என்று அதை எடுத்துப் பல தடவை ஏமாந்திருக்கிறேன்.

அரிசி மூட்டையில் ஒரு வேடிக்கை. 2022 ஜூலையில், பாக்கெட் போட்டு விற்கிற அரிசி, பருப்புக்கு 25 கிலோ வரை ஐந்து சதவீதம் ஜிஎஸ்டி என்று வந்தது. அதற்குமேல் எடை இருந்தால் வரி இல்லை. கொஞ்ச நாளில் கடைகளில் 26 கிலோ மூட்டை வந்துவிட்டது. முதல் தடவை பார்த்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். மாமா இருந்திருந்தால் அந்த ஒரு கிலோவை யோசித்தவனைக் கட்டிப் பிடித்திருப்பார்.

ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று கண்டால் என் மனைவி முதலில் பார்ப்பது காலாவதித் தேதியை. இரண்டு வாரத்தில் முடிகிற இரண்டு பாட்டில் சாஸ் எங்கள் வீட்டில் தீராது. என் முதலாளி, கணிசமான சொத்து உள்ள ஆடிட்டர், அவரை ஒருநாள் அதே கடையில் பார்த்தேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நெய் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். கையில் எழுதிய சீட்டு. என்னைப் பார்த்ததும், "சீட்டு இல்லாம வந்தா எனக்குப் பில்லு ரெட்டிப்பா வருதுய்யா" என்றார். கூடையில் அவர் எடுத்திருந்தது உடைத்த முந்திரி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏன் என்று அவரிடம் சொல்லவில்லை.

போன பங்குனியில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது கொட்டைப்புளி பத்துக் கிலோ வாங்கினோம். கிலோ 120. பேப்பர் விரித்து நானும் அம்மாவும் மகளும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கொட்டை எடுத்தோம். உப்பு தூவி, மொட்டை மாடியில் காயவைத்து, ஜாடியில் அடைப்பதற்கு முன் நிறுத்துப் பார்த்தால் ஆறு கிலோ இருநூறு. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். கிலோ 193 ரூபாய் சொச்சம் வருகிறது. கீழே கடையில் கொட்டை எடுத்தது 180.

கொட்டைகளை வாங்க இங்கே யாரும் வருவதில்லை. பல்லாங்குழிக்கு என்று மகள் ஒரு டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டாள்.